நீரிழிவாளரின் மனச்சுமையும் கணக்கில் எடுக்கப்பட வேண்டும்

எமது அரசாங்க வைத்தியசாலைகளின் நீரிழிவு கிளினிக்குகளில் வழமையாகக் கேட்கக்கூடிய உரையாடல் ஒன்றுண்டு. குருதியில் சீனியின் அளவு கூடியிருப்பதைக் கண்டதும், "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்கப்படும். "சாப்பாட்டில் ஒரு மாற்றமும் இல்லை, வீட்டில்தான் யோசனை" என்பார் நோயாளி. இப்பதில் பெரும்பாலும் சாக்குப்போக்காகவே எடுத்துக்கொள்ளப்படுகின்றது. ஆனால், அதில் உண்மை இருக்கக்கூடும் என்பதனை மருத்துவ விஞ்ஞானம் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே கண்டறிந்துவிட்டது.

நாயின் குரைப்பினால் மிரண்ட பூனைகளின் சிறுநீரில் சீனி வெளிப்படுவதை ஹார்வார்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் வோல்டர் கனன் 1911 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். 1913 இல் அப்பல்கலைக்கழகக் கால்பந்தாட்ட அணியினர் 25 பேரை, பருவத்தின் இறுதிப் போட்டி முடிந்த கையோடு பரிசோதித்தபோது 12 பேரின் சிறுநீரில் சீனி காணப்பட்டது. அவர்களுள் ஐவர் களத்தில் இறங்காமல் வெளியே அமர்ந்திருந்த மாற்று வீரர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. அவர்களிடத்தில் இருந்தது உடல் உழைப்பல்ல, பதற்றம் மாத்திரமே.

இது நிகழும் விதம் இன்று தெளிவாகவே அறியப்பட்டுள்ளது. அச்சமோ கோபமோ கவலையோ மிகும்போது, சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அதிரீனலீன், கோட்டிசோல் ஆகிய ஓமோன்களைக் கூடுதலாகச் சுரக்கின்றன. அதிரீனலீன், ஈரலில் சேமிக்கப்பட்டுள்ள கிளைக்கோசனைக் குளுக்கோசாக மாற்றிக் குருதியில் கலக்கச் செய்வதுடன் இன்சுலின் சுரப்பையும் தடுக்கின்றது. கோட்டிசோல், ஈரலைப் புதிதாகக் குளுக்கோசு உற்பத்தி செய்யத் தூண்டுவதோடு இன்சுலினின் செயற்பாட்டையும் மந்தமாக்குகின்றது. ஆஸ்துமாவுக்காக ஸ்டீரொய்ட் மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்குச் சீனி ஏறுவதும் ஏறத்தாழ இதே காரணத்தினாலாகும். ஆபத்தைக் கண்டு ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தமே இது. ஆனால், வங்கியிலிருந்து வந்த கடன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கலங்குபவர் எங்கும் ஓடுவதில்லை. அவரது குருதியில் ஏறிய குளுக்கோசு செலவாவதுமில்லை. நீரிழிவு இல்லாதவரெனின் சதையி கூடுதல் இன்சுலினைச் சுரந்து அதனைச் சமப்படுத்திவிடும். நீரிழிவாளரிடம் அந்த வசதி குறைவு.

அதேவேளை, எல்லோருக்கும் சீனி ஏறியே தீரும் என்று கூறுவதற்கில்லை. இரண்டாம் வகை நீரிழிவில் பொதுவாக ஏறும். முதலாம் வகையினரில் சிலருக்கு இறங்குவதுமுண்டு. மறைமுக வழிகளும் உள. மனம் சோர்ந்தவர் மாத்திரையை மறக்கின்றார், நடைப்பயிற்சியைக் கைவிடுகின்றார், நித்திரையின்றி நள்ளிரவில் சீனி போட்ட தேநீருடன் இருக்கின்றார்.

1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே நகரைப் பூகம்பம் தாக்கியதன் பின்னர், அங்குள்ள நீரிழிவாளர்களின் மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு உயர்ந்திருந்தமை ஆய்வொன்றில் பதிவாகியது. உணவும் மருந்தும் ஒழுங்கு குலைந்தமை இதற்கு ஒரு காரணம். ஆயினும், அழிவின் தாக்கமும் உளநெருக்கீடும் இவ்வுயர்வுடன் தொடர்புற்றிருந்தன. நீண்ட யுத்தத்தையும் 2004 ஆழிப்பேரலையையும் 2022 பொருளாதார நெருக்கடியையும் கடந்துவந்த எமது மக்கள் மத்தியில், "யோசனையால் வந்த வருத்தம்" என்ற பேச்சை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆகவே, கிளினிக்கில் "என்ன சாப்பிட்டீர்கள்?" என்பதுடன் "வீட்டில் நிலைமை எப்படி?" என்ற கேள்வியும் எழ வேண்டும் என்று நாம் கருதுகின்றோம். ஒருவருக்குச் சில நிமிடங்களே ஒதுக்கக்கூடிய வைத்தியர்களின் சிரமத்தை நாம் உணராமலில்லை. ஆனால், அந்தச் சில நிமிடங்களும் ஏச்சிலேயே கழியுமாயின், நோயாளி அடுத்த மாதம் வராமல் விடுவதற்கே அது வழிசெய்யும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2002 இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவாளர்களுக்குக் குழுவாக வழங்கப்பட்ட மனத்தளர்வுப் பயிற்சி, ஓராண்டின் பின் எச்பிஏ1சி அளவைச் சுமார் 0.5 சதவீதப் புள்ளி குறைத்திருந்தது. பெரிய குறைவல்லத்தான்; ஆனால் செலவு அதிகமில்லாத இப்பயிற்சியைத் தாதியர்களைக் கொண்டே இங்கும் ஆரம்பிக்கலாம்.

வீட்டில் குளுக்கோமீற்றர் வைத்திருப்போர், பரிசோதிக்கும் முன் தமது மனநெருக்கத்துக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணை இட்டு, அதனருகே சீனியின் அளவையும் எழுதிவரலாம். இரண்டு வாரங்களில் இரண்டுக்கும் தொடர்புண்டா என்பது ஓரளவு புலப்படும். எனினும், கவலையைக் காரணம் காட்டி மருந்தின் அளவைத் தாமாகவே கூட்டுவது ஆபத்தானது. வியர்வை, நடுக்கம், படபடப்பு என்பன பதற்றத்தில் மட்டுமன்றிச் சீனி அளவுக்கு மீறி இறங்கும்போதும் ஏற்படுகின்றன. இன்சுலின் ஏற்றுபவர்கள் இவ்வறிகுறிகளை மனக்கலக்கம் என்று எண்ணிப் படுத்துவிடாது, உடனடியாகச் சீனியைப் பரிசோதிக்க வேண்டும். கருவி கைவசம் இல்லையெனின், மூன்று நான்கு தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்து அருந்துவதே பாதுகாப்பானது.