ஸ்வெலெபில் என்றொரு பெயர்

செக் நாட்டுக் குடும்பப்பெயர்களில் தமிழ் வாசகர்களுக்கு நன்றாகப் பழகிய ஒன்று, அந்த நாட்டிலேயே அரிதாகத்தான் காதில் விழும். கமில் ஸ்வெலெபில் 1927இல் ப்ராகில் பிறந்தார். சங்கப் பாடல்கள், சித்தர் பாடல்கள், நீலகிரி இருளர் மொழி என்று ஆயுள் முழுவதும் தமிழோடும் அதன் உறவு மொழிகளோடும் வாழ்ந்து, 2009இல் பிரான்சில் மறைந்தார். அவருடைய ஆய்வைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அவர் பெயரைப் பற்றி யாரும் அவ்வளவாக யோசித்ததில்லை. சுவெலபில், ஸ்வெலபில், சுவலபில் என்று அவரவர் காதுக்கு எட்டியபடி எழுதிக்கொண்டோம். அந்தப் பெயர் எப்படிப் பிறந்தது, ஏன் மிகச் சிலரிடம் மட்டும் இருக்கிறது என்ற கேள்விகளுக்குள் மொழியியல், வரலாறு, நிகழ்தகவுக் கணிதம், மரபியல் நான்கும் வந்துவிடுகின்றன.

செக் குடியரசின் மக்கள்தொகை ஒரு கோடியைச் சற்றே தாண்டும். அதில் நோவாக் என்ற ஆண்களும் நோவாகோவா என்ற பெண்களுமாகச் சேர்ந்தால் கிட்டத்தட்ட 70,000 பேர். ஊருக்குப் புதிதாக வந்தவன் என்பது அதன் பொருள். புதிதாக ஒருவன் வந்து குடியேறாத ஊர் உண்டா? ஒவ்வொரு கிராமத்திலும் தனித்தனியே ஒரு நோவாக் உருவானான். இன்றைய நோவாக்குகளுக்குள் உறவு கிடையாது. அவர்களை இணைப்பது ஒரு சொல் மட்டுமே. ஸ்வோபோடா, நோவொட்னி, இசைமேதையால் உலகறிந்த த்வோர்ஷாக் முதலியவையும் இப்படிப் பல இடங்களில் முளைத்தவைதான். பட்டியலில் வெகு கீழே, விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களோடு நிற்கும் பெயர்களில் ஒன்று ஸ்வெலெபில்.

இலக்கணப்படி பார்த்தால் அது பெயர்ச்சொல்லே அல்ல, வினைமுற்று. செக் மொழியில் 'ஸ்வெலெபித்' என்றால் மேம்படுத்துவது, சிறக்கச் செய்வது. நிலத்தை, தொழிலை, ஊரை முன்னேற்றுவதற்கும் அந்த வினை வரும். போற்றுதல் என்ற பொருள் கொண்ட 'வெலெபித்' அதன் வேர். இறந்த காலத்தில், ஆண்பாலில், 'ஸ்வெலெபில்' என்றால் 'மேம்படுத்தினான்'. முழு வாக்கியமாகப் பேசப்பட்ட ஒன்று, பேசிப் பேசியே பெயராகிவிட்டது.

இப்படி 'ல்' என்று முடியும் வினைமுற்றுப் பெயர்கள் செக் மொழிக்கே உரிய ஒரு செல்வம். டென்னிஸ் ரசிகர்களுக்குத் தெரிந்த மார்ட்டினா நவ்ரத்திலோவாவின் பெயரில் இருப்பது 'நவ்ராதில்', திரும்பி வந்தான். பொஸ்பீஷில், விரைந்தான். தொலெஜல், படுத்தே கிடந்தான். விஸ்கொச்சில், துள்ளிக் குதித்தான். ரொஸிபல், சிந்திவிட்டான். ஸ்த்ராஜில், விலையை ஏற்றினான். கவிஞர் வீதேஸ்லாவ் நெஸ்வலின் பெயருக்கு 'அழைக்கவில்லை' என்று பொருள். ஆஸ்திரிய நாவலாசிரியர் ராபர்ட் மூஸில் ஜெர்மனில்தான் எழுதினார். ஆனால் அவர் தாத்தா மொராவியாக்காரர், 'மூஸில்' என்பது 'செய்தே ஆக வேண்டியிருந்தது' என்னும் செக் வினை. நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவில், குறிப்பாக ஒலொமோட்ஸ் நகரைச் சுற்றிய ஹானா சமவெளியில், இந்த வகைப் பெயர்கள் அடர்த்தியாக இருக்கின்றன.

இவையெல்லாம் ஊரார் வைத்த பட்டப்பெயர்கள். ஒருவன் ஒருமுறை செய்ததோ, ஓயாமல் செய்ததோ, ஓயாமல் சொல்லிக்கொண்டதோ அவன் மேல் ஒட்டிக்கொள்ளும். பாழ்பட்ட பண்ணையை எடுத்து நிமிர்த்திய ஒருவனை ஊர் மெச்சி 'ஸ்வெலெபில்' என்றிருக்கலாம். எதையும் உருப்படியாகச் செய்யாதவனைக் கேலியாக அப்படி அழைத்திருக்கவும் கூடும். பட்டப்பெயரின் இயல்பு தெரிந்தவர்கள் இரண்டாவதை எளிதில் ஒதுக்கமாட்டார்கள்.

பட்டப்பெயர் ஒருவனோடு போய்விடும். அது மகனுக்கும் பேரனுக்கும் தொடர்வதற்கு எழுத்து வேண்டும், எழுதிவைக்க ஓர் அதிகாரம் வேண்டும். 1563இல் டிரென்ட் திருச்சபைக் கூட்டம் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் ஒவ்வொரு பங்கிலும் பதிவுசெய்யப் பணித்தது. நாட்டின் மேற்குப் பகுதியான பொஹேமியாவிலும் கிழக்கே மொராவியாவிலும் இன்று கிடைக்கும் 'மத்ரிகி' எனப்படும் பதிவேடுகளில் பெரும்பாலானவை அதற்கும் பிந்தியவை; 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர் அங்கே ஆட்களையும் ஏடுகளையும் ஒருசேர அழித்தது. போர் ஓய்ந்தபின் வரி விதிக்க யார் மிஞ்சியிருக்கிறார்கள் என்று அரசு கணக்கெடுத்தது. 1654இன் 'பெர்னி ரூலா' பொஹேமியாவின் குடியானவர்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறது. மொராவியாவுக்கு அதே காலத்து நிலவரிப் பதிவேடுகள் உண்டு. குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் இன்றும் முதலில் கை வைப்பது இவற்றில்தான்.

ஆனால் அந்த ஏடுகளில் இருக்கும் பெயரை இன்றைய பொருளில் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொண்டால் வழி தவறிவிடும். அப்போது பெயர் ஆளோடு இருந்ததைவிட வீட்டோடு இருந்தது. ஒரு பண்ணைக்கு ஒரு பெயர். அங்கே வாழவந்தவனுக்கும் அதே பெயர். விதவையை மணந்து பண்ணைக்குள் வந்த யான், தன் தகப்பன் பெயரை விட்டுவிட்டுப் பண்ணையின் பெயரில் வழங்கப்பட்டான். அவன் தம்பி வேறு வீட்டில் வேறு பெயரில் இருப்பான். பாதிரியார்கள் இந்தக் குழப்பத்தைச் சமாளிக்க 'இன்னார், வேறு பெயர் இன்னார்' என்று இரண்டையும் எழுதிவைத்தார்கள். ஆகவே ஒரு பெயர் ஏட்டிலிருந்து மறைந்தால் ஒரு வம்சம் அற்றுப்போனதாகப் பொருளில்லை. பெயர் தொடர்ந்தால் இரத்தம் தொடர்ந்ததாகவும் பொருளில்லை.

கமிலின் மகன் மாரெக் ஸ்வெலெபில் (1952–2011) இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பெயர்பெற்ற தொல்லியலாளராக இருந்தார். ஐரோப்பாவில் வேளாண்மை பரவியது எப்படி, உழவர்கள் நடந்து வந்தார்களா அல்லது அங்கேயே இருந்த வேட்டைச் சமூகங்கள் உழவைக் கற்றுக்கொண்டனவா என்பது அவர் வாழ்நாள் கேள்வி. பழைய செக் குடும்பப்பெயர்களிடமும் கேட்க வேண்டியது அதுவேதான்: ஆட்கள் பெருகிப் பெயர் பரவியதா, பெயர் மட்டும் கைமாறியதா?

இந்தக் கைமாற்றத்தை நிறுத்தியவர் ஹப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் யோசப். படைக்கு ஆள் எடுக்கவும் வரி வாங்கவும் ஒருவனுக்கு மாறாத ஒரே பெயர் தேவைப்பட்டது. 1784இல் தேவாலயப் பதிவேடுகளை அரசு ஆவணங்களாக்கினார். 1786இல் குடும்பப்பெயர் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு மாறாமல் போக வேண்டும் என்று ஆணையிட்டார். அடுத்த ஆண்டு யூதர்களுக்கும் நிலையான பெயர் கட்டாயமாயிற்று. அன்றைக்கு எந்த வீட்டில் யார் இருந்தார்களோ அந்தப் பெயர் அவர்கள் சந்ததிமேல் உறைந்துபோனது.

எழுத்துமுறையும் தன் பங்குக்கு விளையாடியது. இன்றைய செக் எழுத்தின் மேல்குறிகள் பதிவேடுகளில் நிலைபெறும்வரை, ஒரே ஒலியைக் குறிக்க இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதினார்கள். 1849 சீர்திருத்தம் வரை 'வி' வரும் இடமெல்லாம் 'டபிள்யூ' இருந்தது. ஜெர்மன் அறிந்த எழுத்தர் ஒருவிதமாகவும் செக் அறிந்தவர் வேறுவிதமாகவும் எழுதினர். சில அரிய பெயர்கள் உண்மையில் பரவலான ஒரு பெயரின் எழுத்துப்பிழை வடிவங்கள். ஸ்வெலெபிலுக்கு அந்தச் சிக்கல் குறைவு. அதில் மேல்குறி ஒன்றுமில்லை. கடல் தாண்டினாலும் உருக்குலையாத பெயர் அது. 1968இல் சோவியத் படைகள் புகுந்தபின் கமில் அமெரிக்காவுக்கும் பிறகு நெதர்லாந்துக்கும் போனபோது எழுத்து மாறாமல் கூடவே போயிற்று.

சரி, ஏன் சிலரே மிஞ்சினார்கள்? 'விரைந்தான்', 'படுத்தே கிடந்தான்' போன்ற பெயர்களைப் பெறத்தக்கவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். அவை நூறு இடங்களில் தோன்றின. 'மேம்படுத்தினான்' அப்படி எல்லோருக்கும் கிடைக்கும் பெயரில்லை. தொடக்கமே குறைவு என்பது முதல் காரணம். இரண்டாவது காரணத்தில்தான் கணிதம் வருகிறது. என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் மிக அழகான பகுதி அது.

1873இல் பிரிட்டிஷ் அறிஞர் பிரான்சிஸ் கால்டன், ஒரு கல்வி இதழில் வாசகர்களுக்கு ஒரு கணக்கை முன்வைத்தார். பிரபு வம்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அற்றுப்போவதற்கு இரத்தக் குறை காரணமா, வெறும் தற்செயலா? பாதிரியாரும் கணிதருமான ஹென்றி வாட்சன் விடை தேட முனைந்தார். எல்லாப் பெயர்களும் கடைசியில் அழிந்தே தீரும் என்று அவர் முடித்தது தவறு. சரியான விடையைப் பிரெஞ்சுக்காரரான பியெனெமே 1845இலேயே எட்டியிருந்தார். அது கவனிக்கப்படாமல் கிடந்தது. ஆனாலும் கால்டன்–வாட்சன் முறை என்ற பெயர் நிலைத்துவிட்டது. அணுக்கரு தொடர்வினையையும் நோய்த்தொற்றுப் பரவலையும் கணிக்க இன்று அதே கணிதம் பயன்படுகிறது.

சிறு கணக்கு ஒன்று போடலாம். நூறு ஆண்கள், நூறு வெவ்வேறு பெயர்கள். ஒவ்வொருவருக்கும் மகனே இல்லாமல் போக 25 விழுக்காடு வாய்ப்பு, ஒரு மகன் பிறக்க 50, இரண்டு மகன்கள் பிறக்க 25 என்று கொள்வோம். சராசரியாக ஆளுக்கு ஒரு மகன். ஆண்களின் தொகை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அப்படியும் முதல் தலைமுறையிலேயே சுமார் 25 பெயர்கள் மறைந்துவிடும். ஐந்தாம் தலைமுறைக்குள் 60 போய்விடும். பத்தாம் தலைமுறையில், அதாவது ஏறத்தாழ 300 ஆண்டுகளில், மிஞ்சுவது 26 பெயர்கள்தான். நோயோ போரோ வறட்சியோ இந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. மிஞ்சிய பெயர்களுக்குச் சராசரி நான்கு ஆண்கள் வருவார்கள். சிலவற்றுக்கு ஒருவர், சிலவற்றுக்குப் பத்துக்கும் மேல்.

மக்கள்தொகை பெருகும் சமூகத்திலும் நிலைமை நாம் நினைக்கும் அளவுக்கு மாறுவதில்லை. ஆல்ஃபிரட் லோட்கா 1930களில், 1920ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிக்கணக்கை வைத்து ஆராய்ந்தார். ஆளுக்குச் சராசரி 1.26 மகன்கள் வளர்ந்து வந்த நிலையிலும், ஒரு தனி ஆணில் தொடங்கும் ஆண்வழி என்றாவது அற்றுப்போக 82 விழுக்காடு வாய்ப்பு இருந்தது. முதல் சில தலைமுறைகளைத் தாண்டுவதே பெரும்பாடு. ஆகையால் ஸ்வெலெபில் அரிதாக இருப்பதற்குத் தனிப்பட்ட துயரக் கதை எதையும் தேட வேண்டியதில்லை. அது இன்றும் இருப்பதுதான் ஆச்சரியம்.

துயரமே இல்லாமல் போனதென்றும் சொல்லமாட்டேன். ப்ராகின் பின்காஸ் யூதக் கோயிலின் சுவர்களில், நாஜிகள் கொன்ற பொஹேமிய, மொராவிய யூதர்கள் கிட்டத்தட்ட 80,000 பேரின் பெயர்கள் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. போர் முடிந்ததும் சுமார் 30 லட்சம் ஜெர்மானியர்கள் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். எல்லைப்புற மாவட்டங்களில் பல நூற்றாண்டுகள் வழங்கிய பெயர்கள் ஓரிரு ஆண்டுகளில் அந்த மண்ணைவிட்டுப் போயின. தற்செயல் பத்துத் தலைமுறையில் செய்வதை மனிதர்கள் ஒரு தலைமுறையில் செய்து முடித்தார்கள்.

அரிய பெயரில் மரபியலாளர்களுக்கு இருக்கும் ஆர்வத்துக்குக் காரணம் உண்டு. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது ஒய் குரோமோசோம்; பழைய வழக்கப்படி குடும்பப்பெயரும் அதே வழியில் போகிறது. 2000இல் ஆக்ஸ்ஃபோர்டின் பிரையன் சைக்ஸ், தன் குடும்பப்பெயரையே கொண்ட, உறவு தெரியாத ஆண்களைச் சோதித்தபோது கிட்டத்தட்டப் பாதிப் பேரிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம் இருந்தது. 2009இல் லெஸ்டரின் டூரி கிங்கும் மார்க் ஜோப்ளிங்கும் 40 பிரிட்டிஷ் பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களை ஆராய்ந்து, பெயர் எவ்வளவு அரிதோ அவ்வளவுக்கு ஆண்வழி உறவு நெருக்கமாக இருப்பதைக் கண்டார்கள். ஸ்மித் போன்ற பொதுப்பெயர்க்காரர்களிடம் அந்த நெருக்கம் இல்லை. செக் பெயர்களில் இதைப் பொருத்தும்போது பண்ணைப்பெயர் வழக்கத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1786க்குப் பிந்திய வம்சத்தை இந்தச் சோதனை நன்றாகக் காட்டும். அதற்கு முன், ஒரே பெயருக்குள் பல ஒய் குரோமோசோம்கள் பண்ணை வாசல் வழியாக நுழைந்திருக்கக்கூடும்.

அதனால் பழைய ஏட்டுக்கும் இன்னும் வேலை இருக்கிறது. செக் வட்டார ஆவணக்காப்பகங்கள் பதிவேடுகளைப் பெருமளவு மின்படங்களாக்கி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. நூறு ஆண்டு கடந்த பிறப்புப் பதிவையும் 75 ஆண்டு கடந்த திருமணப் பதிவையும் யாரும் பார்க்கலாம். கூர்ந்து சாய்ந்த பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்கக் கற்றால் போதும். நோவாக் குடும்பத்தைத் தேடுகிறவர் ஒரே கிராமத்தில் மூன்று யான் நோவாக்குகளிடையே மாட்டிக்கொள்வார். ஸ்வெலெபிலைத் தேடுகிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை. பெயர் கண்ணில் பட்டாலே அது தேடிய குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

செக் சட்டம் இந்தக் கணக்கில் இப்போது ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஸ்வெலெபில் வீட்டுப் பெண் மரபுப்படி ஸ்வெலெபிலோவா. 2022 ஜனவரி முதல், விரும்பினால் 'ஓவா' விகுதி இல்லாமல் ஸ்வெலெபில் என்றே பதிவுசெய்துகொள்ளலாம். மணமக்கள் இருவர் பெயரில் எதை வேண்டுமானாலும் பொதுப்பெயராகத் தேர்ந்தெடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. மகள் மட்டுமே உள்ள வீட்டில் மாப்பிள்ளை ஒப்புக்கொண்டால், அந்தப் பெயர் பேரப்பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். மகன்களை மட்டுமே எண்ணிய கால்டனின் கணக்கில் அந்தப் பிள்ளைகளுக்கு இடமில்லை.