கோமாளிகளும் அவர்தம் நேயர்களும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குதல் மரபு. கதிரவன் எழும் பக்கம் ஒன்று. படும் பக்கம் மற்றொன்று. தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தாற் புகழ்பெற்ற கொக்கட்டிச்சோலை படுவான்கரையைச் சேர்ந்தது. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, நகரத்துப் படமாளிகைக்குச் செல்ல விரும்பிய அவ்வூரார் மண்முனைத் துறையிற் 'பாதை' ஏறியே வாவியைக் கடந்தனர். இரவுக் காட்சி பார்த்து வீடு திரும்புதல் எளிதான காரியமன்று. ஆகவே சினிமா அவர்களுக்கு எப்போதாவது கிட்டும் விருந்தாக இருந்தது. வானொலியோ அன்றாட உணவு. வானொலியிற் பிறந்து வெண்திரைக்கு ஏறிய 'கோமாளிகள்' என்னும் படத்தின் கதையை இக்கரையிலிருந்து நோக்குவது அதனாற் பொருத்தமாகும்.

இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையில் 'கோமாளிகளின் கும்மாளம்' என்றொரு நகைச்சுவைத் தொடர் ஒலிபரப்பாயிற்று. எழுதியவர் எஸ். ராமதாஸ். அதில் நால்வர் பேசினர். மரைக்கார் முஸ்லிம்களின் தமிழிலும், அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழிலும், ஐயர் பிராமணர் வழக்கிலும், உபாலி சிங்களவர் பேசும் தமிழிலும் பேசுவர். இவற்றை நடித்தவர்கள் யார் என்று பார்த்தால் வியப்பு இன்னும் மிகும். மரைக்காராக வந்தவர் ராமதாஸ். ஐயராக வந்தவர் பி. எச். அப்துல் ஹமீது. சிங்களவரான உபாலியாக வந்தவர் எஸ். செல்வசேகரன் என்னும் தமிழர். அப்புக்குட்டியாக வந்தவர் ரி. ராஜகோபால். முஸ்லிம் ஒருவர் ஐயராகவும், முஸ்லிமல்லாத ஒருவர் மரைக்காராகவும் பேச, நாடு முழுவதும் சிரித்தது. முகம் தெரியாத வானொலிக்கே உரிய சலுகை அது.

இத்தொடரைத் தழுவி எஸ். ராமநாதன் நெறியாள்கையில் 1976ஆம் ஆண்டில் 'கோமாளிகள்' படம் வெளிவந்தது. வானொலிக் குரல்களுக்கு உரியவர்களே திரையிலும் தோன்றினர். 'தணியாத தாகம்' எழுதிய சில்லையூர் செல்வராசனும், கமலினி செல்வராசனும் உடன் நடித்தனர். அக்காலத்து இலங்கைத் தமிழ்ப் படங்களின் நிலையையும் இங்கே நினைத்தல் வேண்டும். 1962இல் 'சமுதாயம்' 16 மில்லிமீற்றர்ச் சுருளில் வந்தது. 1963இல் 'தோட்டக்காரி' 35 மில்லிமீற்றரில் வந்தது. அதன்பின் வந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். தென்னிந்தியப் படங்களின் ஆடம்பரத்தோடு போட்டியிடப் பணமும் இல்லை, சந்தையும் இல்லை. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தொழிற்படத் தொடங்கி, படங்களை இறக்குமதி செய்யும் உரிமையைத் தன்வசமாக்கிய பின்னரே உள்ளூர்ப் படங்களுக்குச் சிறிது மூச்சுவிட இடம் கிடைத்தது. அவ்விடைவெளியிற் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட படமே இது. முன்னரே பழகிய குரல்கள்தாம் அதன் பெரிய மூலதனம்.

பார்த்தவர்கள் இரு பகுதியாயினர். ஒரு சாரார்க்கு அது பெருங்களிப்பு. காதால் அறிந்தவர்களைக் கண்ணாற் காண்பதே அவர்களுக்குப் போதும். கதை எவ்வழி சென்றாலும் கவலையில்லை. மற்றச் சாரார் முகஞ்சுளித்தனர். இது வானொலி நாடகத்துக்கு முன்னே படப்பொறியை வைத்தது போன்றது, காட்சியாற் சொல்ல வேண்டியதை யெல்லாம் வாயாற் சொல்லிவிடுகின்றது என்பது அவர்கள் வாதம். பேச்சு வழக்கை வைத்துச் சிரிப்பூட்டுதல் அவ்வழக்குக்கு உரியவரைச் சிறுமைப்படுத்துவதாகும் என்று கடிந்தோரும் உண்டு.

முதற் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமற் போகவில்லை. காதுக்கென்று பிறந்த நகை கண்ணுக்கு இடம் மாறும்போது வாட்டமுறுதல் இயல்பு. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் 'கூன் ஷோ' நேயர்களை மயக்கிய நிகழ்ச்சி. அதன் நடிகர்களை வைத்து 1952இல் எடுத்த சிக்கனப் படமோ அத்துணை மதிப்புப் பெறவில்லை. வானொலியில் மரைக்காரின் தொப்பியை நேயர் தாமே தைத்துக்கொள்வர். திரையில் தையற்காரர் தைத்த தொப்பியே கிடைக்கும்.

இரண்டாவது குற்றச்சாட்டு வேறுவகையானது. நால்வரும் ஒருவரையொருவர் இகழ்ந்து சிரிக்கவில்லை. ஒருவர் சொன்னதை மற்றவர் பிழையாக விளங்கிக்கொள்வதிலேயே சிரிப்புப் பிறந்தது. 'உம்மா' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். முஸ்லிம் வீட்டில் அது தாயைக் குறிக்கும். வேறொரு வீட்டில் குழந்தைக்குக் கொடுக்கும் முத்தத்தைக் குறிக்கும். ஒரே மொழி, ஒரே சொல், பொருள் மட்டும் வீட்டுக்கு வீடு வேறு. இத்தகைய இடறலைக் கண்டு நகைப்பது எவரையும் தாழ்த்துவதாகாது. ஆயினும் உபாலியின் குழறலான தமிழ் சில வேளைகளில் வெறும் குழறலாகவே நின்றுவிட்டது என்று சொல்பவரை மறுத்தல் கடினம்.

வாவிக்கரையாருக்கோ தனியான மனக்குறை ஒன்று இருப்பதற்கு இடமுண்டு. நான்கு வழக்குகள் பேசிய அவ்வரங்கில் மட்டக்களப்பு வழக்கு இல்லை. பேச்சுத் தமிழ் வகைகளுள் இலக்கிய வழக்குக்கு மிக நெருங்கியது மட்டக்களப்புத் தமிழே என்று செக்கு நாட்டு அறிஞர் கமில் சுவலபில் எழுதியிருக்கின்றார். 'மறுகா', 'ஒள்ளுப்பம்' என்னும் சொற்கள் காதில் விழுந்தால், பேசுபவர் எவ்வூரார் என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. அத்தகைய பேச்சுக்கு மரைக்காருக்கும் அப்புக்குட்டிக்கும் நடுவே ஒரு நாற்காலி போட்டிருக்கலாம். பல வகை மாந்தர் கூடிப் பேசும் நகைச்சுவை இக்கரைக்குப் புதிதுமன்று. மட்டக்களப்பின் மகிடிக் கூத்தில் வெளியூர் மந்திரவாதிகளும் உள்ளூராரும் மந்திரப் போட்டி நிகழ்த்தும்போது, மந்திரத்தைக் காட்டிலும் வாய்ப்பேச்சே ஊராரை இரவெல்லாம் இருத்தி வைக்கும். அக்கூத்தைக் கண்டு வளர்ந்தோர் 'கோமாளிகள்' படத்தின் தளர்ந்த கதைப்போக்கைப் பெரிதாக எண்ணியிருக்க மாட்டார்கள்.

மறுவருடம், 1977இல், தர்மசேன பத்திராஜவின் 'பொன்மணி' வந்தது. கலை நோக்கில் அது வெகு உயர்ந்த படம், வருவாயிலோ தோல்வி. உயர்ந்தது வீழ்ந்தது, எளியது ஓடிற்று என்று விமர்சகர் வருந்துவதில் நியாயம் உண்டு. ஆனால் 'பொன்மணி'யை மதிப்பவர் 'கோமாளி'களை வெறுத்தேயாக வேண்டும் என்று விதி எதுவுமில்லை. 1978இல் ராமதாஸ் குழுவினர் 'ஏமாளிகள்' எடுத்தனர். முதற்படத்தின் புதுமை அதற்கு வாய்க்கவில்லை.

பின்னர் வந்த காலம் வேறு. 1983 யூலைக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்து பல இலங்கைப் படங்களின் மூலச் சுருள்கள் அழிந்தன. கொக்கட்டிச்சோலை 1987இலும் 1991இலும் படுகொலைகளைக் கண்டது. 1990இன் கொடுமைகளுக்குப் பின், கிழக்கில் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்த தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் அஞ்சி ஒதுங்கிய ஆண்டுகளும் இருந்தன. மரைக்காரும் அப்புக்குட்டியும் ஐயரும் உபாலியும் ஒரே இடத்திற் கூடிச் சண்டையிட்டுச் சிரித்த அந்த நேரம், அவ்வாண்டுகளில் நினைப்பவர்க்கு எவ்வளவு தூரத்தில் இருந்திருக்கும்! படம் நன்றா, தீதா என்ற பழைய வழக்கு அப்பொழுது எவருக்கும் பொருட்டாக இருந்திராது.

ராமதாஸ் 2016ஆம் ஆண்டு சென்னையிற் காலமானார். இறுதிவரை அவர் பெயர் 'மரைக்கார் ராமதாஸ்' என்றே வழங்கியது. ராஜகோபால் 'அப்புக்குட்டி ராஜகோபால்' ஆனார். செல்வசேகரனுக்கு 'உபாலி' என்ற பெயர் நிலைத்தது. 'ஐயர்' என்னும் பட்டம் மட்டும் அப்துல் ஹமீதோடு ஏனோ ஒட்டிக்கொள்ளவில்லை.