இந்திய 17 வயதிற்குட்பட்டோர் தேசியக் கால்பந்து அணி

இந்திய 17 வயதிற்குட்பட்டோர் தேசியக் கால்பந்து அணி என்பது பன்னாட்டு இளையோர் போட்டிகளில் இந்தியாவின் சார்பில் விளையாடும் ஆடவர் அணியாகும். அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு இதனை நிருவகிக்கிறது. ஆசியப் போட்டி நெடுங்காலம் 16 வயதிற்குட்பட்டோர் போட்டி என்ற பெயரில் நடந்ததால், பழைய செய்திகளில் இதே அணி '16 வயதிற்குட்பட்டோர் அணி' என்றும் குறிக்கப்படுகிறது. 2017ஆம் ஆண்டு இந்தியாவில் நடைபெற்ற உலகக் கோப்பையில் இவ்வணி விளையாடியது. கால்பந்தில் ஃபிஃபா நடத்தும் உலகக் கோப்பை ஒன்றில் இந்திய அணி ஆடியது அதுவே முதல் முறை.

வயதும் மணிக்கட்டும்

இளையோர் போட்டியில் வயது ஒரு குறிப்பிட்ட நாளைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. 2017 உலகக் கோப்பைக்கு 2000 சனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் மட்டுமே தகுதி பெற்றனர். எனவே 1999 திசம்பர் 31 அன்று பிறந்த ஒருவர் ஒரே நாள் வேறுபாட்டால் தகுதி இழப்பார்.

பிறப்புச் சான்றிதழை மட்டும் நம்ப முடியாத நிலை பல நாடுகளில் உண்டு. இதற்காக 2009இல் நைசீரியாவில் நடைபெற்ற 17 வயதிற்குட்பட்டோர் உலகக் கோப்பையிலிருந்து மணிக்கட்டின் காந்த ஒத்ததிர்வுப் படம், அதாவது எம்.ஆர்.ஐ., எடுக்கும் முறையை ஃபிஃபா கொண்டுவந்தது. முன்கையிலுள்ள ஆரை எலும்பின் நுனியில் ஒரு வளர்ச்சித் தட்டு இருக்கிறது. வளரும் பருவம் முடியும்போது அது எலும்போடு முழுமையாக இணைந்துவிடும். 17 வயது நிறையாத சிறுவரிடம் இந்த முழு இணைப்பு காணப்படுவது மிக அரிது, நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. இப்படத்தைக் கொண்டு ஒருவரின் வயதை 'இத்தனை' என்று சொல்லிவிட முடியாது. 'இவர் பெரும்பாலும் 17ஐக் கடந்தவர்' என்று மட்டுமே சொல்ல முடியும். எக்சு கதிர்ப் படத்தைப் போலக் கதிர்வீச்சு இல்லாததால் சிறுவர்களுக்கு இம்முறை ஏற்றதாகக் கருதப்படுகிறது.

2017க்கு முன்

இளையோர் கால்பந்தில் இந்தியாவின் மிகப்பெரிய வெற்றி இவ்வணியுடையது அன்று. இதற்கு மூத்த இளையோர் அணியுடையது. 1974இல் பாங்காக்கில் நடைபெற்ற ஆசிய இளையோர் கோப்பை இறுதியாட்டத்தில் சபீர் அலி தலைமையிலான இந்தியா, ஈரானுடன் 2–2 என்று சமன் செய்து கோப்பையைப் பகிர்ந்துகொண்டது. 17 வயதிற்குட்பட்டோர் அணி 2002இல் ஆசியப் போட்டியின் காலிறுதி வரை சென்றது. அதன் பிறகு நெடுங்காலம் குறிப்பிடத்தக்க வெற்றி ஏதும் இல்லை.

2017 போட்டியை நடத்தும் உரிமை கிடைத்ததால், தகுதிச் சுற்று ஆடாமலேயே இந்தியாவுக்கு இடம் உறுதியானது. கோவாவில் நீண்டகாலப் பயிற்சி முகாம் அமைக்கப்பட்டது. செருமானியரான நிக்கோலாய் ஆடம் முதலில் பயிற்சியாளராக இருந்தார். 2016இல் கோவாவிலேயே நடைபெற்ற ஆசியப் போட்டியில் இந்தியா ஐக்கிய அரபு அமீரகத்திடம் 2–3 என்று தோற்று, சவூதி அரேபியாவுடன் 3–3 என்று சமன் செய்து, ஈரானிடம் 0–3 என்று தோற்று வெளியேறியது. 2017 தொடக்கத்தில் ஆடம் விலக, போர்த்துகலைச் சேர்ந்த லூயிசு நோர்ட்டன் டி மாட்டோசு பொறுப்பேற்றார்.

அந்த ஆண்டு மே மாதம் 'இத்தாலியை இந்தியா 2–0 என்று வென்றது' என்ற செய்தி நாடெங்கும் கொண்டாடப்பட்டது. ஆனால் எதிரே ஆடியது இத்தாலியின் தேசிய அணி அன்று, கீழ்நிலைப் பிரிவுக் கழகங்களின் இளையோரைக் கொண்ட தெரிவு அணி என்று விரைவிலேயே தெரிய வந்தது. பழைய இணையப் பக்கங்களில் இச்செய்தி இன்றும் கிடக்கிறது. மாணவர்கள் இதனை மேற்கோள் காட்டும்போது கவனம் தேவை.

இன்னொரு பயிற்சி ஆட்டத்தில் பஞ்சாபின் மினர்வா கழகச் சிறுவர்கள் தேசிய அணியையே 1–0 என்று வென்றனர். டி மாட்டோசு அந்தச் சிறுவர்களில் சிலரைத் தம் அணியில் சேர்த்துக்கொண்டார். முந்தைய பயிற்சியாளரின் தேர்வில் விடுபட்டிருந்த மணிப்பூரின் சீக்சன் சிங் அவர்களுள் ஒருவர். அணித்தலைவரை வீரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர். பெரும்பான்மை வாக்குகள் பெற்ற அமர்சித் சிங் கியாம், சீக்சனின் உறவினர்.

உலகக் கோப்பை ஆட்டங்கள்

இந்தியாவின் மூன்று ஆட்டங்களும் தில்லி சவகர்லால் நேரு விளையாட்டரங்கில் நடைபெற்றன. அக்டோபர் 6 அன்று அமெரிக்காவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 0–3 என்று தோல்வி. அதில் 84ஆவது நிமிடக் காட்சி நினைவில் கொள்ளத்தக்கது. பின்கள வீரர் அன்வர் அலி உதைத்த பந்து கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் பட்டுத் திரும்ப, அதிலிருந்து எழுந்த எதிர்த்தாக்குதலில் அமெரிக்கா தன் மூன்றாவது கோலைப் போட்டது.

அக்டோபர் 9 அன்று எதிரணி கொலம்பியா. முதல் பாதி முடியும் தறுவாயில் கேரளத்தின் ராகுல் உதைத்த பந்து கம்பத்தில் மோதித் திரும்பியது. 49ஆவது நிமிடத்தில் ஹுவான் பெனலோசா கொலம்பியாவின் முதல் கோலைப் போட்டார். கோல்காப்பாளர் தீரச் சிங் பலமுறை தடுத்ததால் ஆட்டம் கைவிட்டுப் போகாமல் இருந்தது. 82ஆவது நிமிடத்தில் இந்தியாவுக்கு மூலை உதை கிடைத்தது. பெங்களூரைச் சேர்ந்த சஞ்சீவ் இசுடாலின் உதைத்த பந்தை, உயரமான சீக்சன் எழும்பித் தலையால் முட்டி வலைக்குள் செலுத்தினார். உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் கோல் இதுவே. அரங்கின் ஆரவாரம் அடங்குமுன், மறு நிமிடமே பெனலோசா மீண்டும் கோல் போட, ஆட்டம் 1–2 என்று முடிந்தது. பெரிய ஆட்டங்களில் கோல் போட்ட உடனே வரும் சில நிமிடங்களைக் கடப்பதும் ஒரு பயிற்சிதான்; அதற்குக் கடும் போட்டி ஆட்டங்கள் பல ஆடியிருக்க வேண்டும்.

அக்டோபர் 12 அன்று கானாவிடம் 0–4 என்று தோற்றதுடன் இந்தியா வெளியேறியது. மற்ற மூன்று அணிகளும் தலா 6 புள்ளிகளுடன் அடுத்த சுற்றுக்குச் சென்றன. கொல்கத்தாவில் நடைபெற்ற இறுதியாட்டத்தில் இங்கிலாந்து, இசுபெயினை 5–2 என்று வென்றது. ஆறு நகரங்களில் நடைபெற்ற 52 ஆட்டங்களையும் மொத்தம் 13.47 லட்சம் பேர் நேரில் கண்டனர். இப்போட்டி வரலாற்றில் அது சாதனை. அந்த ஆறு நகரங்களில் சென்னை இல்லை.

வீரர்கள் எங்கிருந்து வந்தனர்?

21 பேர் கொண்ட அணியில் எட்டுப் பேர் மணிப்பூரைச் சேர்ந்தவர்கள். தமிழ்நாட்டிலிருந்து ஒருவரும் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி மணிப்பூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 28 லட்சம். பழனியும் கொடைக்கானலும் அடங்கிய திண்டுக்கல் மாவட்டத்தின் மக்கள்தொகை மட்டுமே 21 லட்சத்துக்கு மேல். ஏறக்குறைய ஒரு மாவட்ட அளவுள்ள மாநிலம், தேசிய அணியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தந்திருக்கிறது.

'மலைக்காரர்களுக்கு மூச்சு பலம் அதிகம்' என்பது இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அது பொருந்தவில்லை. மணிப்பூர் மக்களில் பெரும்பாலோர் வாழும் இம்பால் பள்ளத்தாக்கு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 780 மீட்டர் உயரத்தில் உள்ள சமவெளி. கொடைக்கானலோ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரந்தான் காரணமென்றால் பழனி மலைத்தொடரிலிருந்து பல வீரர்கள் வந்திருக்க வேண்டும். மலைச் சரிவில் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு முழு அளவு மைதானத்துக்குச் சமதளம் கிடைப்பதே அரிது. மணிப்பூரில் ஊர்தோறும் தெருதோறும் கால்பந்துக் கழகங்கள் இருக்கின்றன. சிறுவர்கள் பத்து வயதுக்கு முன்பே போட்டிகளில் ஆடத் தொடங்கிவிடுகிறார்கள். திறமை தெரிந்தவர்கள் வீட்டை விட்டுத் தொலைவிலுள்ள பயிற்சிக் கழகங்களுக்குச் செல்கின்றனர். அமர்சித்தும் சீக்சனும் சண்டிகர் கால்பந்துப் பயிற்சிக் கழகத்தில் வளர்ந்தவர்களே.

பிந்தைய ஆண்டுகள்

உலகக் கோப்பை முடிந்ததும் இவ்வணியைக் கலைத்துவிடாமல், 'இந்தியன் ஏரோசு' என்ற பெயரில் ஐ-லீக் போட்டியில் பெரியவர்களோடு ஆட வைத்தனர். 2017 நவம்பரில் அவர்கள் ஆடிய முதல் ஆட்டம் தமிழ்நாட்டின் சென்னை சிட்டி அணிக்கு எதிராக. சிறுவர்கள் 3–0 என்று வென்றனர். ஆனாலும் அந்தப் பருவத்தில் கடைசி இடமே கிடைத்தது. அன்று தோற்ற சென்னை சிட்டி, அடுத்த பருவத்தில் கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்டு ஐ-லீக் பட்டத்தையே வென்றது.

2018 ஆகத்தில் இசுபெயினில் நடைபெற்ற கோட்டிஃப் போட்டியில் இந்திய 20 வயதிற்குட்பட்டோர் அணி, அர்செந்தீனாவை 2–1 என்று வென்றது. இரண்டாவது கோலைப் போட்டவர், ஓராண்டுக்கு முன் குறுக்குச் சட்டத்தில் பந்தை மோதிய அதே அன்வர் அலி. தோற்ற அணியின் பயிற்சியாளர், பின்னர் 2022இல் உலகக் கோப்பையை வென்ற லியோனல் இசுகலோனி.

அன்வரின் கதை அங்கே முடியவில்லை. 2019இல் அவருக்கு இதயத் தசை தடித்தல் நோய் இருப்பது கண்டறியப்பட்டது. ஓடும்போதே உயிருக்கு ஆபத்து நேரலாம் என்பதால் கூட்டமைப்பு அவரை விளையாடாமல் தடுத்தது. அவர் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடினார். பின்னர் விளையாட அனுமதி கிடைத்து, 2022இல் மூத்த தேசிய அணியிலும் இடம் பெற்றார். சீக்சன், சுரேசு சிங், லாலெங்மாவியா ஆகியோரும் மூத்த அணிக்குச் சென்றவர்களே. அவர்களுள் முதலாவதாகச் சென்றவர் அமர்சித். 2019 சூன் மாதம் தாய்லாந்தில் நடைபெற்ற அரசர் கோப்பையில் ஆடினார்.

அடுத்து வந்த 17 வயதிற்குட்பட்டோர் அணி, பிபியானோ பெர்னாண்டசு பயிற்சியில், 2018இல் மலேசியாவில் ஆசியக் காலிறுதியை எட்டியது. தென் கொரியாவிடம் 0–1 என்று தோற்றது. அந்த ஆட்டத்தை வென்றிருந்தால் 2019 உலகக் கோப்பைக்கு ஆட்டத்தின் வலிமையாலேயே தகுதி கிடைத்திருக்கும். 2023இல் தாய்லாந்தில் ஒரு சமனுக்கும் இரு தோல்விகளுக்கும் பின் முதல் சுற்றிலேயே வெளியேறியது. அவற்றுள் சப்பானுக்கு எதிரான ஆட்டம் 4–8 என்று முடிந்தது.

24 அணிகள் ஆடிவந்த உலகக் கோப்பை, 2025 முதல் 48 அணிகளோடு ஆண்டுதோறும் நடத்தப்படுகிறது. முன்பு ஆசியாவிலிருந்து அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகளுக்கே இடம் இருந்தது. 2025இல் காலிறுதிக்கு வந்த எட்டு அணிகளுக்கும் இடம் கிடைத்தது. மலேசியாவில் கொரியாவிடம் தோற்ற அந்த அணி இந்த விதியின் கீழ் ஆடியிருந்தால், காலிறுதியை எட்டிய நாளிலேயே உலகக் கோப்பைக்குள் நுழைந்திருக்கும்.