ஒரு தாள் இடைவெளி, பத்து சென்டிமீட்டர் பிழை

அச்சு இயந்திரத்தில் போடும் ஏ4 தாள் ஒன்றை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்துப் பாருங்கள். அதன் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். இவ்வளவு சிறிய இடைவெளி ஒரு கருவியின் வேலையையே கெடுத்துவிடுமா? கெடுத்துவிடும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேட்டைக்காரர்கள் இன்றும் பயன்படுத்தும் பழைய ரைபிள்கள் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவற்றின் மேல் ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, பொருத்த விரும்புகிறவர் முதலில் தேட வேண்டியது சரியான தாங்கியை. ஸ்கோப்பை வாங்குவது எளிது; தாங்கி கிடைப்பதுதான் கடினம்.

நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. இங்கே நமக்கு வேண்டியது அந்தத் தாங்கிக்குள் ஒளிந்திருக்கும் இயற்பியல் மட்டுமே. படிவம் நான்கில் நீங்கள் படிக்கும் உந்தம், விசை, கோணம் எல்லாம் அதில் வருகின்றன.

ஸ்கோப்புக்கு இடமில்லாத வடிவம்

பழைய ரைபிள்களில் மிகவும் புகழ்பெற்றது ஜெர்மனியின் மவுசர் 98. பெயரில் உள்ள 98, ஜெர்மன் இராணுவம் அதை ஏற்றுக்கொண்ட 1898ஆம் ஆண்டைக் குறிக்கிறது. கைப்பிடியை மேலே தூக்கி, பின்னால் இழுத்து, மறுபடியும் முன்னால் தள்ளிப் பூட்டும் 'போல்ட்' வகைத் துப்பாக்கி இது. இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகு, எஞ்சிய இராணுவ மவுசர்கள் ஏராளமாகப் பொதுமக்களிடம் வந்தன. பலர் அவற்றின் மரக்கட்டையைச் செதுக்கி வேட்டை ரைபிள்களாக மாற்றிக்கொண்டார்கள்.

அந்தக் காலத்துச் சிப்பாய்களில் பெரும்பாலோர் வெறுங்கண்ணால், குழலின் மேலுள்ள இரும்புக் குறிமுனைகளைப் பார்த்துத்தான் சுட்டார்கள். அதனால் வடிவமைத்தவர்கள் ஸ்கோப்புக்கென்று இடம் ஒதுக்கவில்லை. இன்று அங்கே ஸ்கோப்பை வைக்கப் போனால் மூன்று சிக்கல்கள் வருகின்றன.

முதலாவது, கைப்பிடி. மவுசரின் போல்ட் கால் சுற்று, அதாவது 90 பாகை திரும்பும். திறக்கும்போது மேலே எழும் கைப்பிடி, தாழ்வாகப் பொருத்திய ஸ்கோப்பின் பின்பகுதியில் இடிக்கும்.

இரண்டாவது, பாதுகாப்புப் பூட்டு. போல்ட்டின் பின்முனையில் சிறு கொடி போல நிற்கும் அந்தத் தகடு, இடமிருந்து வலமாக மேல்வழியே சுழல்கிறது. ஸ்கோப் இருக்கும் இடமும் அதுவே.

மூன்றாவது, துளைகள். இன்றைய வேட்டை ரைபிள்கள் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே மரையிட்ட துளைகளோடு வருகின்றன. பழைய இராணுவ மவுசரின் மேற்புறம் வழவழவென்று இருக்கும். திருகாணி போட ஒரு துளைகூட இருக்காது.

தாள் எப்படிப் பத்து சென்டிமீட்டர் ஆகிறது?

ஸ்கோப்பை இரண்டு வளையங்கள் பிடித்திருக்கின்றன. அவற்றுக்கு இடையே 10 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். சுடும்போது ஒரு வளையம் மட்டும் ஒரு தாள் அளவு, 0.1 மில்லிமீட்டர், நகர்ந்துவிட்டது. 10 சென்டிமீட்டர் என்பது 100 மில்லிமீட்டர். ஆகவே ஸ்கோப் ஆயிரத்தில் ஒரு பங்கு சாய்ந்திருக்கிறது. இந்தச் சாய்வு தூரத்தோடு சேர்ந்து வளரும். 100 மீட்டர் தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது 10 சென்டிமீட்டர்.

இந்தப் பத்து சென்டிமீட்டருக்கு ஓர் உயிரின் கணக்கும் உண்டு. ஒரு நடுத்தர மானின் இதயமும் நுரையீரலும் உள்ள பகுதி ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் அகலம் கொண்டது. அதன் நடுவைக் குறிபார்த்தால், பத்து சென்டிமீட்டர் பிழையில் குண்டு அந்தப் பகுதியின் விளிம்புக்குப் போய்விடும். அப்போது விலங்கு உடனே சாகாமல் காயத்தோடு ஓடி, பல மணி நேரம் துன்பப்படலாம். தாங்கியை அலட்சியமாகப் பொருத்தாதீர்கள் என்று பொறுப்புள்ள வேட்டைக்காரர்கள் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

54 கிலோ இழுவை

வளையம் ஏன் நகரப் போகிறது? உந்த அழியா விதியைப் போட்டுப் பார்ப்போம். குண்டின் நிறை 10 கிராம், அதன் வேகம் விநாடிக்கு 800 மீட்டர் என்று கொள்வோம். அதன் உந்தம் 0.01 × 800 = 8 கிலோகிராம் மீட்டர்/விநாடி. ரைபிளின் நிறை 4 கிலோகிராம் என்றால், அது விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பின்னால் உதைக்கும். வெளியேறும் வாயுவையும் சேர்த்தால் வேகம் இன்னும் கூடும்.

60 சென்டிமீட்டர் நீளமுள்ள குழலைக் கடக்கக் குண்டுக்கு ஏறக்குறைய 0.0015 விநாடி போதும். அவ்வளவு குறுகிய நேரத்தில் ரைபிள் அந்த 2 மீட்டர் வேகத்தை எட்ட வேண்டும். 2-ஐ 0.0015-ஆல் வகுத்தால் முடுக்கம் சுமார் 1,330 மீட்டர்/விநாடி² என்று வரும். புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 130 மடங்குக்கும் மேல்!

ரைபிள் பின்னால் பாயும்போது, ஸ்கோப் தன் நிலைமத்தால் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். அதையும் சேர்த்து இழுத்துச் செல்ல வேண்டியது தாங்கியின் வேலை. ஸ்கோப்பின் நிறை 400 கிராம் என்றால், விசை 0.4 × 1,330 = சுமார் 530 நியூட்டன். ஏறத்தாழ 54 கிலோகிராம் பொருளின் எடை அது. ஒவ்வொரு முறை சுடும்போதும் இந்த இழுவையைத் தாங்கி நிற்பவை சில சிறிய திருகாணிகளும் உராய்வும்தான். அமெரிக்கத் தாங்கிகளில் வழக்கமாக வரும் திருகாணியின் விட்டம் வெறும் 3.5 மில்லிமீட்டர். திருகாணியில் எண்ணெய் ஒட்டியிருந்தாலோ, தாங்கி முழுமையாகப் படியாமல் ஆடினாலோ, அந்தத் தாள் அளவு நகர்வு நடந்தே தீரும்.

வாங்குவதற்கு முன் அளந்து பார்

தாங்கிக்கு இரண்டு பகுதிகள் உண்டு. கீழே இருப்பது அடிப்பட்டை. அது ரைபிளோடு பொருந்த வேண்டும். மேலே இருப்பவை வளையங்கள். அவை ஸ்கோப்போடு பொருந்த வேண்டும். வளையங்களைப் பொறுத்தவரை சிக்கல் குறைவு. ஸ்கோப் குழாய்கள் பெரும்பாலும் 25.4 அல்லது 30 மில்லிமீட்டர் விட்டத்தில் வருகின்றன. சில பழைய ஐரோப்பிய ஸ்கோப்புகள் 26 மில்லிமீட்டர். இன்று பரவலாக உள்ள பிக்காட்டினி தண்டவாளத்தின் பள்ளங்களுக்கு 1995இல் அமெரிக்க இராணுவம் ஒரே அளவை நிர்ணயித்தது. அதனால் ஒரு நிறுவனத்தின் வளையம் இன்னொரு நிறுவனத்தின் தண்டவாளத்திலும் உட்காரும்.

அடிப்பட்டைக்கு அப்படிப்பட்ட பொது அளவு இல்லை. மவுசரிலேயே முன்வளையம் இரண்டு அளவுகளில் உண்டு. பெரியதன் விட்டம் சுமார் 35.8 மில்லிமீட்டர், சிறியது 33 மில்லிமீட்டர். பெரியதற்குச் செய்த பட்டையைச் சிறியதன்மேல் வைத்தால், வளைவுகள் ஒத்துப்போகாமல் நடுவில் ஒரு கோட்டில் மட்டுமே தொடும். எவ்வளவு இறுக்கினாலும் அது ஆடும்.

உயரத்தையும் கணக்கிட்டே தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்கோப்பின் முன்கண்ணாடிக் கூட்டின் வெளி விட்டம் 48 மில்லிமீட்டர் என்போம். அதன் ஆரம் 24. அதற்கு நேர் கீழே குழலின் ஆரம் 12. இரண்டும் உரசாமல் இருக்க 2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். மொத்தம் 38. பெரிய முன்வளையத்தின் ஆரமான 17.9-ஐக் கழித்தால், வளையத்தின் மேல் ஸ்கோப்பின் மையம் குறைந்தது 20 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் குழலில் உரசும். மிக உயர்ந்தால், கன்னம் மரக்கட்டையில் படியாது, பார்வை நிலைகொள்ளாது.

கண்ணுக்கும் இடைவெளி முக்கியம். சாதாரண வேட்டை ஸ்கோப்புக்குப் பின்னால் சுமார் 8 முதல் 9 சென்டிமீட்டர் தள்ளிக் கண் இருக்க வேண்டும். தாங்கி ஸ்கோப்பை அதிகம் பின்னால் வைத்துவிட்டால், உதைக்கும்போது அதன் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும்.

துளை போட்டால் திரும்ப வழியில்லை

அளவுகள் தெரிந்த பிறகு மூன்று வழிகள் இருக்கின்றன.

பயிற்சி பெற்ற துப்பாக்கிக் கைவினைஞரிடம் கொடுத்துத் துளையிட்டு மரை போடுவது முதல் வழி. உறுதியான வழி இது, ஆபத்தும் இதில்தான். மவுசரின் எஃகு மேற்பரப்பில் மட்டும் கடினமாக்கப்பட்டிருப்பதால் துளையிடும் முனை வழுக்கும். சுடும்போது வளிமண்டல அழுத்தத்தைப் போல 3,000 மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தை அடக்கிப் பிடிப்பது அந்த முன்வளையப் பகுதி. தவறான இடத்தில் தவறான ஆழத்தில் துளை விழுந்தால் அதன் வலிமை குறையும். கைப்பிடியை வளைக்கவோ ஒட்டவோ வேண்டும். அப்போது வெப்பம் போல்ட்டின் பூட்டும் பகுதிக்குப் பரவினால் எஃகின் கடினம் போய்விடும். பாதுகாப்புப் பூட்டையும் பக்கவாட்டில் நகரும் வகைக்கு மாற்ற வேண்டும்.

இரண்டாவது வழி, துளையே போடாமல் பழைய பின்குறிமுனை இருந்த இடத்தில் தாங்கியைப் பொருத்துவது. ஸ்கோப் குழலின் மேல் முன்னால் தள்ளி நிற்பதால் கைப்பிடியும் பூட்டும் தடையின்றி இயங்கும். ஆனால் கண்ணிலிருந்து வெகு தூரம் தள்ளி வைத்துப் பார்க்கும்படி செய்த சிறப்பு ஸ்கோப் வேண்டும். பார்வைப் பரப்பும் குறுகும்.

மூன்றாவது வழியில் எதையும் பொருத்துவதில்லை. மாற்றப்படாத பழைய மவுசர் ஒரு வரலாற்றுப் பொருள். துளையிட்ட பிறகு அதன் சேகரிப்பு மதிப்பு சரியும். அந்தத் துளையை மறைக்கலாம், இல்லாததாக்க முடியாது. இரும்புக் குறிமுனையோடு குறைந்த தூரத்தில் மட்டும் பயன்படுத்துவோரும் இருக்கிறார்கள்.

நீங்களும் செய்து பாருங்கள்

ஆசிரியர் துணையோடு, 30 சென்டிமீட்டர் அளவுகோலில் லேசர் சுட்டியைப் பசைநாடாவால் ஒட்டுங்கள். மேசைமேல் வைத்து, 9 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் புள்ளி விழும் இடத்தைக் குறியுங்கள். யாருடைய கண்ணிலும் ஒளி படக்கூடாது. இப்போது அளவுகோலின் முன்முனையின் கீழ்ப் பத்துத் தாள்களைச் செருகுங்கள். உயர்வு 1 மில்லிமீட்டர். புள்ளி எவ்வளவு மேலே போகும் என்று முதலில் கணக்கிட்டு எழுதுங்கள். பிறகு அளந்து பாருங்கள். 3 சென்டிமீட்டருக்கு அருகில் வந்தால் உங்கள் கணக்கு சரி.

அடுத்து ஒரே ஒரு தாளை வைத்துப் பாருங்கள். அளக்க முடிகிறதா? முடியவில்லை என்றால், சுவரை இன்னும் எவ்வளவு தூரம் தள்ளி வைக்க வேண்டும்? விடையை உங்கள் அறிவியல் நோட்டில் எழுதி, ஆசிரியரிடம் காட்டுங்கள்.