காத்திருக்கும் பணியும் முன்னுரிமை உயர்வும்

பங்காருப்பேட்டையிலிருந்து பிரியும் கிளை இருப்புப்பாதையின் கடைசி நிலையம் மாரிகுப்பம். ஒற்றைப் பாதையில் சரக்கு வண்டி நின்றால், பின்வரும் விரைவு வண்டியும் நிற்கும்; எனவே சரக்கு வண்டியையே முதலில் அனுப்புதல் வேண்டும்.

கணிப்பொறியிலும் அவ்வாறே. மேல்நிலைப் பணி ஒன்று கீழ்நிலைப் பணிக்காகக் காத்திருக்கையில், இடைநிலைப் பணிகள் கீழ்நிலைப் பணியை முந்திக்கொண்டால் மேல்நிலைப் பணியும் தேங்கும். 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் இதனாலேயே பலமுறை மறுதொடக்கம் கண்டது. பூமியில் இருந்த மாதிரிக் கலத்தில் அக்கோளாறு மீண்டும் வரவழைத்து ஆராயப்பட்டது. காத்திருப்பதன் முன்னுரிமையைக் கீழ்நிலைப் பணி தற்காலிகமாகப் பெறும் ஏற்பாட்டினால் அது நீங்கிற்று.

இதனைச் சோதிப்போர் கடிகாரத்தை நம்பலாகாது. கீழ்நிலைப் பணியை நிறுத்திவைத்து, மேல்நிலைப் பணி காத்திருக்கத் தொடங்கியதை உறுதிசெய்த பின்னரே, முன்னுரிமை உயர்ந்துள்ளதா என நோக்குதல் வேண்டும்.