ஆம்பிளைத் துணை இல்லாட்டி ரூம் கிடையாதா?

கிரிவலம் போகும் பெண்களுக்கு ராத்திரி தங்க ஓர் அறை கிடைப்பதுதான் பெரும்பாடு. அதிலும் கட்டுப்படியாகிற வாடகையில், ஆண் துணை இல்லாமல் கேட்டால் சொல்லவே வேண்டாம்.

சமீபத்தில் நானும் என் நாத்தனாரும் கும்பகோணத்திலிருந்து திருவண்ணாமலை போயிருந்தோம். எனக்கு வயது 52, அவளுக்கு 48. கூட்டத்துக்குப் பயந்து பௌர்ணமி இல்லாத நாளாகப் பார்த்துத்தான் கிளம்பினோம். போய்ச் சேரும்போது விளக்கு வைக்கிற நேரம். ஒரு லாட்ஜில் கேட்டோம். சாவிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

"கூட ஜென்ட்ஸ் யாரும் வரலியாம்மா? லேடீஸ் மட்டும்னா ரூம் குடுக்கறதில்லை" என்றார் கவுண்ட்டரில் இருந்தவர்.

"ஆதார் கார்டு இருக்கே, அப்புறம் என்ன?" என்றேன்.

"ஓனர் ரூல்ஸும்மா."

நாத்தனார் கணவரை இழந்து இரண்டு வருஷம் ஆகிறது. வெளியே வந்ததும், "அவர் இருந்திருந்தா இப்படிக் கேட்பாங்களா அண்ணி?" என்றாள். என் மனசு என்னவோ போலாகிவிட்டது.

ஆட்டோக்காரர்தான், "அடி அண்ணாமலைப் பக்கம் வீட்டு மாடியில ரூம் விடறாங்கம்மா" என்று அழைத்துப் போனார். பெரிய கோயில் மலைக்குக் கிழக்கே என்றால், அடி அண்ணாமலை மேற்கே. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஏறக்குறைய பாதி வழி. வீட்டுக்கார அம்மா அடையாள அட்டையைப் பார்த்து, நோட்டில் பெயர் எழுதிக்கொண்டு, மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்தார். வாடகை 700 ரூபாய். இரண்டு கட்டில், ஃபேன், உள்ளேயே பாத்ரூம். ஏ.சி., டி.வி. கிடையாது. ஆனால் விரிப்பு துவைத்தது, தாழ்ப்பாள் ஒழுங்காக விழுந்தது. வேறென்ன வேண்டும்?

விடிந்ததும் ஜன்னலைத் திறந்தால் எதிரே மலை. சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து வருவதால் வெயில் மெதுவாகத்தான் எட்டிப் பார்க்கிறது. யாருக்கும் டிபன் கட்ட வேண்டாம், பால் பொங்குமே என்று ஓட வேண்டாம்! ஆதி அருணாசலேஸ்வரரைத் தரிசித்துவிட்டு, அருகிலுள்ள மாணிக்கவாசகர் கோயிலுக்கும் போனோம். அவர் திருவெம்பாவை பாடிய தலம் திருவண்ணாமலை என்பார்கள். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி எழுப்பிக்கொண்டு கூட்டமாக நீராடப் போகிற பாடல்கள் அவை. அப்படிப்பட்ட ஊரிலா இரண்டு பெண்களுக்கு ரூம் இல்லை என்கிறார்கள் என்று தோன்றியது.

ஊர் திரும்பியதும் சட்டம் படிக்கும் என் அண்ணன் மகளிடம் சொன்னேன். அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவைக் காட்டினாள். மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டி, கடை, உணவகம், ஹோட்டல் போன்ற இடங்களில் எந்தக் குடிமகனையும், குடிமகளையும் தடுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. 1950-லிருந்து உள்ள உரிமை! நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கிரிவலம் போக நினைக்கும் சகோதரிகளுக்கு என் அனுபவத்தில் சில யோசனைகள்:

முன்கூட்டியே போன் செய்து, "பெண்கள் மட்டும்தான் வருகிறோம்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பௌர்ணமி, கார்த்திகை தீப நாட்களில் வாடகை எக்கச்சக்கமாக ஏறும்; மற்ற நாட்களில் போனால் தரிசனமும் நிம்மதி. ஆசிரமங்களில் தங்க விரும்பினால் முன்னதாகவே அனுமதி கேட்டு வைக்க வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன் அறையைப் பாருங்கள். உள் தாழ்ப்பாள், ஜன்னல் கொக்கி, குழாயில் தண்ணீர், மூன்றையும் சோதியுங்கள். பில்லில் ஜி.எஸ்.டி. போட்டால் கவனியுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 5 சதவீதம்தான், முன்பு 12 சதவீதமாக இருந்தது. ராத்திரியில் இக்கட்டு என்றால் பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது.

ரூம் இல்லை என்றால் தலை குனிந்து திரும்பாதீர்கள். "என்ன காரணம்னு எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். அடுத்த தடவை நானும் அப்படித்தான் கேட்கப் போகிறேன்.

- ஒரு வாசகி, கும்பகோணம்