முகிற் களஞ்சியமும் அதன் வாயிற்காவலும்

“முகில்” என்னுஞ் சொல்லுக்குக் கணினித்துறையில் இக்காலத்து வழங்கும் பொருள் வேறு. வானத்து முகில் கண்ணுக்குப் புலனாவது. இம்முகிலோ தூரதேசத்துக் கட்டடங்களில் அடுக்கடுக்காக நிற்குங் கணினிகளின் கூட்டம். அக்கணினிகளில் இடத்தை வாடகைக்குப் பெற்று, எமது ஏடுகளையும் படங்களையும் இணையத்தின் வழியே அனுப்பி வைத்து, வேண்டியபோது மீளப் பெறுகின்றோம். அமேசன் நிறுவனத்தார் 2006 ஆம் ஆண்டு மார்ச் 14 ஆந் திகதி “எஸ்-3” என்ற பெயரில் இத்தகைய சேவையொன்றைத் தொடக்கினர். மைக்ரோசொப்ற், கூகிள் ஆகிய நிறுவனத்தாரும் பின்னர் இத்துறையிற் புகுந்தனர்.

கல்லூரிகளின் பழைய சஞ்சிகைகள், ஒளிப்படங்கள், பதிவேடுகள் முதலியவற்றைப் படிபிடித்துப் பாதுகாத்தல் வேண்டும் என்ற எண்ணம் பழைய மாணவர் பலரிடத்தும் உண்டு. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களுஞ் சுவடிகளும் சாம்பலாயின. வேறிடத்திற் பிரதியில்லாத ஏடு அழிந்தால் அழிந்ததே என்பதை எம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. எஸ்-3 சேவையின் பொதுவகைச் சேமிப்பிலே, இட்ட பொருள் ஒன்றுக்கொன்று தூரமான குறைந்தது மூன்று நிலையங்களில் வைக்கப்படுகின்றது. ஆயின், உள்ளதை இழத்தல் ஒருவகைக் கேடு; காட்டத்தகாததை உலகறியக் காட்டிவிடுதல் மற்றொருவகைக் கேடு. இக்கட்டுரை பெரும்பாலும் பின்னதைப் பற்றியது.

முதலிற் கொள்கலத்தை ஆக்கும் முறையைக் காண்போம். அமேசன், கூகிள் நிறுவனத்தார் இதனைப் “பக்கற்”, அதாவது வாளி, என்பர். மைக்ரோசொப்ற் நிறுவனத்தார் “கொன்ரெயினர்” என்பர். வாளி என்றவுடன் கிணற்றடியே எமது நினைவுக்கு வருமாதலால், கொள்கலம் என்றே இங்கு வழங்குவோம்.

கொள்கலத்துக்குப் பெயரிடுதல் எளிய காரியம் போலத் தோன்றும், அவ்வளவு எளிதன்று. எஸ்-3 இன் பொதுவான பெயர்முறையிலே, உலகில் எவரேனும் ஒருவர் ஒரு பெயரைக் கொண்டுவிட்டால் பிறர் அதனைக் கொள்ள முடியாது. பெயர் 3 முதல் 63 வரையான எழுத்துக்களையுடையதாய், ஆங்கிலச் சிற்றெழுத்து, இலக்கம், இணைகோடு என்பவற்றால் அமைதல் வேண்டும். புள்ளியும் இடலாம்; ஆயினும் இடாதிருத்தலே நன்று. வெறுமனே “யூபிலி” என்று பெயரிட முயல்பவர், வேறொருவர் முந்திக்கொண்டதையே பெரும்பாலுங் காண்பர். ஆதலின் கல்லூரிப் பெயரையும் ஆண்டையுஞ் சேர்த்து எழுதுதல் தகும். இப்பெயர் இணைய முகவரியிலே தோன்றுமாதலால் மறைக்கவேண்டிய செய்தி எதனையும் அதில் வைத்தலாகாது.

அடுத்துத் தெரிய வேண்டியது இடம். அமேசனார் சிங்கப்பூரில் 2010 ஆம் ஆண்டிலும் மும்பாயில் 2016 ஆம் ஆண்டிலும் தமது நிலையங்களைத் திறந்தனர். எமது தீவிலிருந்து படிப்போர்க்கு இவை அண்மையானவை. இலண்டனிலுந் தொரன்ரோவிலும் வாழும் பழைய மாணவர்க்குச் சற்றே தாமதம் நேரலாம். ஏடு பார்ப்போர்க்கு அது பொருட்டன்று. ஆக்கிய கொள்கலத்தின் பெயரையும் இடத்தையும் பின்னர் மாற்ற முடியாது. மாற்ற விரும்பின், வேறொன்றை ஆக்கி யாவற்றையும் அதற்குப் பெயர்க்க வேண்டும்.

மைக்ரோசொப்ற் முறையில் ஒரு படி கூடுதலாக உண்டு. முதலிற் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் திறத்தல் வேண்டும். உலகிற் பிறரெவருங் கொள்ளாத பெயராக இருக்கவேண்டியது அக்கணக்கின் பெயரே. அது 3 முதல் 24 வரையான சிற்றெழுத்துக்களாலும் இலக்கங்களாலும் அமையும், இணைகோடு கூடாது. கொள்கலங்கள் அதனுள் அடங்குவன.

கொள்கலத்தில் இடும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயருண்டு. பெயரினிடையே சாய்கோடு இட்டு “மலர்/1960/அட்டை” என எழுதினால், பெட்டிக்குட் பெட்டி இருப்பதுபோலத் திரையிற் காட்டப்படும். எஸ்-3 இன் பொதுவகைக் கொள்கலத்தில் உண்மையாக உட்பெட்டி எதுவும் இல்லை. நீண்ட பெயருடைய பொருள்கள் ஒரே தளத்திற் பரந்து கிடக்கின்றன. “மலர்/ என்று பெயர் தொடங்குவன யாவும்” என்றே அனுமதியை வகுக்கின்றோமன்றி, “மலர் என்னும் அறையிலுள்ளன யாவும்” என்றல்ல.

இனி அனுமதிக்கு வருவோம். ஆக்கிய அக்கணத்திலே கொள்கலம் உடையவர் ஒருவர்க்கே உரியது. பிறர்க்கு வழிவிட வேண்டுமெனின் விதியொன்றை எழுதுதல் வேண்டும். அவ்விதி நான்கு வினாக்களுக்கு விடையாக அமையும்: யார், எச்செயலை, எப்பொருளின்மீது செய்யலாம், இசைவா, மறுப்பா? ஓரிடத்தில் இசைவும் வேறோரிடத்தில் வெளிப்படையான மறுப்பும் இருப்பின் மறுப்பே வெல்லும். எதுவுஞ் சொல்லப்படாவிடின் அதுவும் மறுப்பே.

கற்பார் பெரும்பாலும் இடறுவது ஓரிடத்தில். பட்டியலைக் காண்டல் வேறு. பொருளைப் படித்தல் வேறு. முன்னது கொள்கலத்தைப் பற்றிய செயல். பின்னது அதனுளிருக்கும் பொருளைப் பற்றியது. ஆகையால், எஸ்-3 விதியிற் படிக்கும் அனுமதியை எழுதும்போது கொள்கலத்தின் பெயருக்குப் பின்னே ஒரு சாய்கோடும் ஓர் உடுக்குறியும் இடவேண்டும். பட்டியலுக்கு அவை வேண்டா. இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர், விதி சரியாயிருந்தும் கதவு திறக்கவில்லையே என மயங்குவர். அம்மயக்கத்திற் பொறுமையிழந்து “எவரும் எதனையுஞ் செய்யலாம்” என எழுதிவிடுதலே பெருந்தவறுகளின் தோற்றுவாய். மைக்ரோசொப்ற் முறையில் இவ்வேறுபாடு மூன்று நிலைகளாகத் தெளிவாகவே வைக்கப்பட்டுள்ளது. ஒன்று, முற்றும் அடைத்தல். மற்றொன்று, பெயரறிந்து வருவோர் பொருளைப் படித்தல். இன்னொன்று, அறிமுகமில்லாதவரும் பட்டியல் முழுவதையுங் காணுதல். மூன்றாவதைத் தெரிய வேண்டிய தேவை எம்போன்றோர்க்கு அரிதிலும் அரிது.

பழைய எஸ்-3 முறையில் ஒரு சொல் பெருங்குழப்பம் விளைத்தது. “அடையாளம் உறுதிசெய்யப்பட்ட பயனாளர்” என்ற கூட்டத்துக்கு அனுமதி கொடுக்கலாம் என்றிருந்தது. தம் அலுவலகத்தாரையே அது குறிக்கும் எனப் பலர் எண்ணினர். உண்மையில், உலகிலே அமேசன் முகிற் கணக்கு வைத்திருக்கும் எவரும் அதில் அடங்குவர்! கணக்குத் திறத்தலோ எவர்க்கும் எளிது. கதவிற் பூட்டுத் தொங்குகின்றது. திறப்போ தெருவெல்லாங் கிடக்கின்றது என்ற நிலை அது.

2017 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், அமெரிக்க வாக்காளர் ஏறத்தாழ 198 மில்லியன் பேரைப் பற்றிய தரவுகள் பூட்டில்லாத எஸ்-3 கொள்கலமொன்றிற் கிடந்தமை வெளியாயிற்று. எவருஞ் சுவரேறிக் குதித்திலர். முகவரியை அறிந்தவர்க்குக் கதவு திறந்தே கிடந்தது. அவ்வாண்டில் இவ்வகைச் செய்திகள் வேறும் வந்தன. 2018 ஆம் ஆண்டு நவம்பரில், உள்ளே எவ்விதி எழுதப்பட்டிருப்பினும் பொதுமக்கள் புகுதலைத் தடுக்கும் ஒரு பெருந்தாழ்ப்பாளை அமேசனார் ஏற்படுத்தினர். 2023 ஆம் ஆண்டு ஏப்பிரில் தொடக்கம் புதிய கொள்கலம் ஒவ்வொன்றும் அத்தாழ்ப்பாள் இடப்பட்டே பிறக்கின்றது. அதே ஆண்டு சனவரி தொடக்கம், புதிதாக இடும் பொருள் யாவும் தாமாகவே மறைகுறியாக்கப்பட்டு வைக்கப்படுகின்றன. இது கேட்டு எவரும் வாளாவிருத்தல் வேண்டா. அனுமதி பெற்று வருவோர்க்குச் சேவையே குறியை நீக்கிக் கொடுத்துவிடும். அனுமதி தவறாயின் மறைகுறி எதனையுங் காவாது.

கதவு உலகத்தார்க்கு அடைபட்டிருந்தாலும் போதாது. வட அமெரிக்காவின் கப்பிற்றல் வன் வங்கியின் தரவுகள் களவுபோனமை 2019 ஆம் ஆண்டு யூலையில் அறியப்பட்டது. ஏறத்தாழ 106 மில்லியன் மக்கள் பாதிக்கப்பட்டனர். அங்கே கொள்கலங்கள் பொதுவிற் திறந்திருக்கவில்லை. வாயிலில் நின்ற கணினியொன்று தவறாக அமைக்கப்பட்டிருந்ததோடு, அதற்குத் தன் வேலைக்கு வேண்டியதிலும் மிகுதியான அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. கள்வர் அதனை ஏமாற்றி அதன் உரிமையோடு உள்ளே சென்றனர். 2020 இல் அவ்வங்கிக்கு விதிக்கப்பட்ட தண்டம் 80 மில்லியன் டொலர். படலையைத் திறக்கும் காவலாளிக்கு இரும்புப் பெட்டியின் திறப்பு எதற்கு?

ஒருவர்க்கு ஒரு பொருளைச் சிலகாலம் மட்டுங் காட்டவேண்டின் தவணையிட்ட இணைப்பு உதவும். எஸ்-3 இல் அதன் மிகக்கூடிய ஆயுள் 7 நாள். மைக்ரோசொப்ற் முறையிலோ கொடுப்பவர் தாம் விரும்பிய தவணையை இடலாம். அந்நிறுவனத்தின் ஆராய்ச்சியாளரே ஒருமுறை சில கோப்புக்களைப் பகிரக் கருதி, சேமிப்புக் கணக்கு முழுவதற்கும் உரிமை தரும் இணைப்பொன்றை, 2051 ஆம் ஆண்டுவரை செல்லுமாறு வெளியிட்டுவிட்டனர். 38 தெராபைற்று அளவான தரவுகள் அவ்வாறு வெளிப்பட்டுக் கிடந்தமை 2023 ஆம் ஆண்டு செப்டெம்பரில் அறிவிக்கப்பட்டது. வல்லார்க்கே இது நேருமாயின் ஏனையோர் நிலை என்னாம்! கணக்கின் சாவியாற் கையொப்பமிட்ட இணைப்பைத் தனியே திரும்பப் பெற இயலாது; சாவியையே மாற்றல் வேண்டும். முன்னரே கொள்கலத்தில் எழுதிவைத்த விதியோடு இணைப்பைப் பிணைத்திருந்தால் அவ்விதியை நீக்கினாற் போதும். கொள்கலம் ஒன்றில் இத்தகைய விதிகள் 5 வரை வைக்கலாம்.

பழைய மாணவர் சங்கமொன்று இம்முயற்சியில் இறங்குமாயின், பொதுமக்கள் படிக்கத்தக்க மலர்களும் மாணவர் சேர்விடாப்பும் ஒரே கொள்கலத்தில் இருத்தலாகாது. சேர்விடாப்பில் பிறந்த திகதி, பெற்றார் பெயர், வதிவிடம் யாவும் உண்டு. தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கென எமது நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமும் இயற்றப்பட்டுள்ளது. கணக்கைச் செயலாளர் தம் சொந்த மின்னஞ்சலிலுஞ் சொந்தக் கடனட்டையிலுந் திறந்துவிடுதல் எங்குங் காணும் வழக்கம். அவர் வெளிநாடு சென்றாலும் விதிவசத்தால் மறைந்தாலும் களஞ்சியமே அந்தரத்தில் நிற்கும். சங்கத்துக்கே உரிய முகவரியிற் கணக்கைத் திறந்து, உத்தியோகத்தர் ஒவ்வொருவர்க்கும் வெவ்வேறு பெயரில் வேண்டிய அளவு அனுமதி கொடுத்து, பதவி மாறிய அன்றே பழையதை நீக்கிவிடுதல் வேண்டும். கட்டணம் செலுத்துவார் யார் என்பதையும் கூட்டக்குறிப்பில் எழுதிவைத்தல் அவசியம். அமேசன் கணக்கொன்று மூடப்பட்டால் அதனை மீளத் திறக்க 90 நாள் உண்டு. அதன்பின் உள்ளிருந்தவை அழிக்கப்படும்.

எல்லாஞ் செய்து முடித்தபின், கணக்கினுட் புகாத வேறொரு கணினியிலிருந்து சேர்விடாப்பின் முகவரியைத் தட்டிப் பார்த்தல் வேண்டும். 403 என்னும் இலக்கத்தோடு அனுமதி மறுக்கப்பட்டதென்ற விடை வருமாயின் பூட்டு விழுந்திருக்கின்றது. ஏட்டின் முதற்பக்கம் திரையில் விரியுமாயின், அன்றிரவு உறங்குமுன் விதியைத் திருத்தல் வேண்டும்.